நகராத புள்ளி

கைப்பேசியைத் தலையணைமேல் கிடத்தி, சார்ஜரைச் செருகி, அது ஒழுங்காக மூச்சுவிடுகிறதா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பாப்பா அறையைப் பூட்டினாள். போர்வை போர்த்தாததுதான் பாக்கி. படிக்கட்டில் அவளுடைய அறைத்தோழி காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்ததாலும், எடுக்காத நேரத்திலும் எடுத்துக்கொண்டே இருந்ததாலும் அவளுக்கு வாத்தியார் என்று பெயர். முந்தின நாள் மாலை, கடலோர ஊருக்குப் போய்வரும் பேருந்து டிக்கெட் ஒரு காப்பியைவிட மலிவாக விற்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிவாகிவிட்ட பயணம் அது.

முதுகலை படிக்கக் கடல் தாண்டி வந்தவளை இன்னும் பாப்பா என்று கூப்பிட்டால் கூப்பிடுகிறவர்களுக்கே கூச்சமாக இருக்க வேண்டும். அவள் வீட்டில் யாருக்கும் அது இல்லை. அவளை அனுப்பக் கூடாதென்று பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று ஒரு படையே கிளம்பி வந்தது. பெண் விமானம் ஏறினால் வானம் இடிந்து குறிப்பாக அவர்கள் வீட்டு ஓட்டின்மேல்தான் விழும் என்கிற மாதிரி பேசினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கும் அம்மா, இரவு வேலை முடித்து வந்த கண்களோடு எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அவ போறா, நான் பாத்துக்கறேன்" என்று ஒற்றை ஆளாக முடித்துவிட்டாள். பாத்துக்கறேன் என்றால் நிஜமாகவே பார்ப்பது. அம்மாவின் போனில் ஒரு வரைபடம், அதில் ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் பாப்பா.

திங்கட்கிழமை அவளுக்கு மறுதேர்வு. முதல் தடவை அந்தப் பாடம் அவளைக் குப்புறத் தள்ளிவிட்டிருந்தது. ஆகவே, சனி ஞாயிறு இரண்டு நாளும் அறையை விட்டு அசையாமல் படிக்கப் போவதாகவும், போனைச் சத்தமில்லாமல் வைக்கப் போவதாகவும், கூப்பிட வேண்டாமென்றும் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். "சரிம்மா" என்று பதில் வந்தது. புள்ளி அறையில் படிக்கும், ஆள் கடலில் கால் நனைப்பாள். இப்படி ஓர் ஏற்பாடு உலகத்தில் வேறெந்த மூளைக்கும் எட்டியிருக்காது என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டாள்.

பேருந்து இருக்கைகள் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்தவைபோல இருந்தன. முழங்கால்கள் மூக்கை விசாரித்துக்கொண்டு வந்தன. வழி முழுக்கப் பாப்பாவின் கை சட்டைப்பைக்குப் போய்த் துழாவிவிட்டு வெறுமையாகத் திரும்பியது. கடல் வந்தபோது அது சாம்பல் நிறத்தில், யாரையும் எதிர்பார்க்காத வீட்டுக்காரரைப்போல முகம் கொடுக்காமல் கிடந்தது. காற்று காதைத் திருகியது. ரொட்டியில் ஜாமைவிட மணல் அதிகமாக ஒட்டியது. வாத்தியார் இதையெல்லாம் வாழ்க்கையின் உச்சம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தாள். பாப்பாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், இப்போது அம்மா வரைபடத்தைத் திறந்திருப்பாளா என்று தோன்றும். திறந்தால் திறக்கட்டும், புள்ளி சமர்த்தாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

தங்குமிடம் ஒரே கூடம். இரண்டடுக்குக் கட்டில்கள், எட்டுத் திசையிலிருந்தும் எட்டு விதக் குறட்டை. ஞாயிறு காலை எல்லாரும் எழுந்து பல் தேய்க்கப் போன பிறகும், எதிர்க் கட்டிலில் ஒரு பெண்மணி மட்டும் போர்வையைத் தலைவரை இழுத்து மூடியபடி கிடந்தார். வாளி உருண்டது, யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள், அவர் அசையவில்லை.

"என்னடி இது, இருக்காங்களா, இல்லையா?" என்று வாத்தியார் கிசுகிசுத்தாள்.

பாப்பா தன்னை அறியாமல் குனிந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். அம்மா அப்படித்தான் பார்ப்பாள். வீட்டில் தூங்குகிறவர்களைக்கூட நின்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் கடந்து போவாள். சின்ன வயதில் ஒரு தடவை பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மானிட்டரில் துள்ளித் துள்ளி ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்து மிரண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அம்மா சிரித்தாள். "அது ஆடுற வரைக்கும் நான் நிம்மதியா டீ குடிப்பேன். ஆடாம நின்னாத்தான் ஓடுவேன்."

போர்வைக்குள் பெண்மணி புரண்டு படுத்து எதையோ முனகினார். பாப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா போன்ல என் புள்ளி நகரவே இல்லையே" என்றாள்.

வாத்தியாருக்கு விஷயம் விளங்கச் சற்று நேரமாயிற்று. "படிக்கிறேன்னுதானே சொல்லியிருக்க? படிக்கிறவ எங்கடி நகருவா?"

"நான் படிச்சா ஒரு எடத்துல இருக்க மாட்டேன். லைப்ரரிக்கு ஓடுவேன், பால் வாங்கப் போவேன், கீழ போய்ச் சும்மா நடப்பேன். அம்மாவுக்கு அது தெரியும். ரெண்டு நாளா கோடு ஆடல, வாத்தியாரே."

வாத்தியார் தன் போனை நீட்டினாள். அம்மாவின் எண் மட்டும் பாப்பாவுக்கு மனப்பாடம். அதை அழுத்துவதற்கு முன் ஒரு நல்ல பொய் வேண்டியிருந்தது. இருவரும் வெளியே போய், கடலைப் பார்த்த ஈர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லலாம், ஆனால் தண்ணீரில் விழுந்த போன் எப்படிப் புள்ளி காட்டும்? காய்ச்சல் என்று சொல்லலாம், எத்தனை டிகிரி என்பாள், வாந்தி உண்டா என்பாள், நாக்கைக் காட்டச் சொல்வாள். ஒவ்வொரு பொய்யும் அம்மாவின் இரண்டாவது கேள்வியில் கால் ஒடிந்து விழுந்தது.

"நல்லதா ஒண்ணு மாட்டிச்சுன்னா ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு, நானும் கத்துக்கறேன்" என்றாள் வாத்தியார். பாப்பா சிரிக்காததைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "ஏண்டி, கடலுக்குப் போறேன்னு கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பாங்க?"

விமான நிலையத்தில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. எங்கே வேண்டுமானாலும் போ, போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ, என்னைத் தேட மட்டும் வைக்காதே. இதில் வேண்டாம் என்ற சொல்லே இல்லை. அதைத் தானாகப் போட்டுக்கொண்டது பாப்பாதான்.

எண்ணை அழுத்தினாள். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, எடுக்கப்பட்டுவிட்டது.

"ஹலோ. யெஸ். மதர் ஸ்பீக்கிங்."

வீட்டுக் குரல் இல்லை அது. வார்டு வாசலில் நிற்கும் உறவுக்காரர்களிடம் பேசுகிற குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் இஸ்திரி போட்டதுபோல இருந்தது. பாப்பா வாயைத் திறந்தாள். காற்று மட்டும் உள்ளே போனது. அதற்குள் அம்மா, வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பவருக்குத் தமிழ் புரியுமா என்பதைக்கூட மறந்துபோய்ப் பேசினாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்தா பேசுறீங்க? எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க. நான் நர்ஸ்தான்."

அம்மாவின் குரலுக்குப் பின்னால் இன்னொரு ஓசை கேட்டது. வேலைக்கென்று வைத்திருக்கும் தன் இரண்டாவது போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதில் மணி போய்க்கொண்டிருந்தது. நின்றது. யாரோ மறுபடி அழுத்தினார்கள், மறுபடி போகத் தொடங்கியது. அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பாப்பாவுக்குத் தெரியும். பூட்டிய அறையில், தலையணைமேல், 'அம்மா' என்ற எழுத்துகள் சத்தமில்லாமல் ஒளிர்ந்து, சுவரெல்லாம் வெளிச்சம் பரவி, அணைந்து, மீண்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.