மேலே ஓர் அறை இருப்பதாக வைத்துக்கொள்வோம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்ததல்ல. தேனியில் சிற்றிதழ் நடத்தும் சத்தியநேசன் போன் செய்து, "டீச்சர், பிரேசில்ல இப்ப தன்புனைவுன்னு எழுதுறாங்கல்ல, அதப் பத்தி வெரசா ஒரு கட்டுரை குடுங்க" என்றார். ஆங்கிலத்தில் வந்த சில நாவல்களைப் படித்திருந்த தெம்பில் சரி என்றுவிட்டேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

2

இன்றைய பிரேசில் நாவல்கள் சிலவற்றில் அட்டையில் உள்ள பெயரே உள்ளே கதாபாத்திரத்துக்கும் இருக்கிறது. அப்பா, பிரிந்துபோன மனைவி, குடியிருந்த தெரு எல்லாம் அசல் போலவே வரும். அசலா என்று கேட்டால் நாவல் என்கிறார்கள். அப்படியானால் பொய்யா என்றால் அதற்கும் பிடிகொடுப்பதில்லை. எனக்குத் தலை சுற்றியது. விளங்காததை எப்படி விளக்குவது? செய்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

3

"போடிநாயக்கனூர் முத்துப்பிரியாவின் [நான்தான்] கணவன் தங்கபாண்டி, விடிந்ததும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் மலையேறுவான்.* சாயங்காலம் அவர்களைத் திரும்ப இறக்கிவிடுவான். நடுவில் பகலெல்லாம் அவன்..."

நின்றுவிட்டது. நடுவில் அவர் என்ன செய்கிறார்? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

முதலில் மேலே இன்னொரு பெண்ணை வைத்தேன். சினிமாத்தனமாக இருந்தது, அடித்தேன். அடுத்து சீட்டாட விட்டேன். அவருக்குச் சீட்டு பிடிக்கவே தெரியாது. மூன்றாவது தடவை, தொழிலாளர்கள் தங்கும் லயத்தில், சன்னல் வைத்த ஒரு காலி அறை கொடுத்தேன். அங்கே யாருமில்லை. வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காமல் அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

(என் புருஷனையே வீட்டுக்கு வரப் பிடிக்காதவனாக்கிவிட்டேன். ஆனாலும் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். என்ன ஜென்மமோ நான்.)

* வீட்டில் அவர், கதையில் அவன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

4

விளையாட்டாக அவரிடமே படிக்கக் கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலைங்க. கதை. பிரேசில்ல இப்படித்தான்..."

"பிரேசில விடு. சுருளி சொன்னானா?" சுருளி இவரோடு மலையேறும் இன்னொரு ஜீப்புக்காரர்.

"சத்தியமா இல்ல. நானா எழுதுனது."

மறுபடி முதலிலிருந்து படித்தார். "ரூமுக்குச் சன்னல் வச்சிருக்க. அங்க சன்னல் கிடையாது" என்றார். பிறகு தட்டை இழுத்துக்கொண்டார்.

5

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் கதைக்கு முடிவுகள் யோசித்தேன்.

(அ) நாளைக்கு நானும் ஜீப்பில் ஏறிப்போய் அந்த அறையை...

(ஆ) அவர் சிரித்து, "சும்மா சொன்னேன் பிரியா" என்கிறார். [இதை மனசுக்குள் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.]

சன்னல் என் வேலைதான். அதன் வழியே கீழே எங்கள் தெரு தெரியட்டும் என்று வைத்தேன். அது இல்லையாம், போகட்டும். என்னை இப்போது குழப்புவது வேறு. அவர் சன்னலை மட்டும்தான் திருத்தினார். வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காமல் என்று எழுதியிருந்தேனே, அதை அப்படியே விட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

கை கழுவிவிட்டு வருகிறார். வாசிக்கிறவர்களே, கதைக்குள் வர உங்களுக்கு என்ன தடை? யாராவது வந்து, ஏன் பிடிக்கவில்லை என்று அவரிடம் கேளுங்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.