மாதிரிப் படம்

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. ஒரே ஒரு படத்தின் கதை. உங்களுக்குக் கொட்டாவி வருவதற்குள் முடித்துவிடுவேன்.

ஒரு போட்டோக்காரி இருந்தாள். மாறுகண், விழுந்த பல், தழும்பு என்று கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களைப் படம் எடுப்பதில் கெட்டிக்காரி. "இது உங்களுக்கு மட்டும்தான்" என்று வாக்குக் கொடுத்த பிறகே பொத்தானை அமுக்குவாள். ஒருவர் சொல்லி ஒருவர் வந்துகொண்டிருந்தது நின்றுபோனது. ஒரு மாதமாக ஸ்டூடியோவுக்குள் யாரும் வரவில்லை. கொழுந்தன் இணையதளம் செய்து கொடுத்தான். 'மாதிரிப் படங்கள்' என்ற பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"படமே இல்லாம போட்டோ கடையா அண்ணி? எவன் வருவான்?"

"வாக்குக் குடுத்திருக்கேன்டா."

"அப்ப கடையச் சாத்திட்டு வாக்க வெச்சுக்கோங்க."

அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எதற்கும் ஒருவரைக் கேட்டுப் பார்ப்போமென்று, இரண்டு கடை தள்ளித் தைத்துக்கொண்டிருந்த தையலக்காவிடம் போனாள். அக்காவுக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தீக்காயத் தழும்பு. அவளும் முன்பு இவளிடம் வந்து படம் எடுத்துக்கொண்டவள்தான்.

"அக்கா, உங்க படத்த மாதிரிக்குப் போட்டுக்கலாமா?"

மெஷின் நிற்கவில்லை. "மாதிரிக்கா? நான் என்ன சாம்பிள் துணியா, கத்தரிச்சு அட்டையில ஒட்ட?"

"கேட்டது தப்புதான்க்கா." திரும்பி நடந்தாள்.

மெஷின் நின்றது. "நில்லுடி. உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஏழு தடவ வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனேன், தெரியுமா? அழகா இருக்கறவங்களத்தான் நீ படம் எடுப்பேன்னு நினைச்சேன். என்ன மாதிரி ஒருத்தி படம் அங்க இருந்திருந்தா, மொத தடவையே படி ஏறியிருப்பேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போட்டுக்கோ. தழும்ப அழிச்சே, கொன்னுடுவேன்."

போட்டோக்காரி அந்த ஒரு படத்தை மட்டும் போட்டாள். தலைப்பை 'உங்களை மாதிரி' என்று மாற்றச் சொன்னாள். ஒரு படத்துக்கு ஒரு பக்கமா என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

நாலாம் நாள் ஸ்டூடியோவில் போன் அடித்தது. ஒரு பெண்.

"அந்தப் படத்துல இருக்கறவங்க..." என்று தொடங்கி நிறுத்தினாள். "நானும் அந்த மாதிரிதாங்க. வரலாமா?"

"இப்பவே வாங்க" என்றாள் போட்டோக்காரி. விளக்குகளைப் போட எழுந்தாள்.

உங்கள் வீட்டுப் படத்தில் ஒரு முகமும் விடுபடாமல், ஓரத்தில் நிற்பவரையும் நடுவில் இழுத்து நிறுத்தி, எல்லாரும் இடித்துக்கொண்டு சிரித்தபடி நன்றாக இருங்கள், கண்ணுகளா.