கண்ணாடியின் பின்பக்கம்

மூன்றே முக்கால் மணிக்கு அவர் இரண்டாவது கண்ணாடியையும் திருப்பிப் பார்த்தார். வெறும் நீலம்தான் தெரிந்தது.

சுவர்களில் பூவேலை வரைந்தே முழங்கால் தேய்ந்தவர். இனி ஏணி கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு, உட்கார்ந்தே செய்யலாமென்று கண்ணாடியில் வரைய மாறியிருந்தார். இதில் பின்பக்கம் வரைய வேண்டும்; முன்பக்கமிருந்து பார்க்கும்போது முதலில் வரைந்ததுதான் மேலே தெரியும். பூ முதலில், பின்னணி கடைசியில். தலைக்குப் புரிந்தது கைக்கு ஏறவில்லை. பழக்கதோஷத்தில் கை முதலில் நீலத்தை அடித்துவிட்டு, அதன்மேல் பூவைப் போட்டிருந்தது.

"பூவெல்லாம் எங்கங்க, போர்த்திக்கிட்டுத் தூங்குதா?" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினார். அவளும் உட்கார்ந்து மறுமுனையைத் துடைத்தாள்.

"முப்பது வருஷத்துப் பழக்கம்," என்றார்.

"தெரியும். அந்தப் பழக்கம் போகலேன்னா பொழைப்புக்கு என்னங்க பண்ணுவோம்?"