பூட்ஸைக் கழற்றாத காவலாளி

குவைத் கரையிலிருந்து ஃபைலாக்கா தீவுக்கு நானும் என் மனைவி சந்தியாவும் படகில் போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் காலை அவளுக்கு ஸ்கேன். கர்ப்பத்தின் ஏழாவது வாரம். இதற்கு முன் இரண்டு முறை இதே ஏழாவது வாரத்தில்தான் டாக்டர் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். குவைத்தில் எங்கள் அப்பாசியா ஃபிளாட்டில் உட்கார்ந்து இன்னொரு சனிக்கிழமையைத் தள்ள முடியாமல் கிளம்பியிருந்தோம்.

தீவில், வளைகுடாப் போரின்போது ஆட்கள் விட்டுப்போன வீடுகள். அவற்றைத் தாண்டி, கம்பிவேலிக்குள், இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் கிரேக்க வீரர்கள் கட்டிய கோயில் என்று ஒரு பலகை இருந்தது. சுவர்கள் முழங்கால் உயரம்கூட இல்லை. அடித்தளக் கற்களும், எதிரே சதுரமாக ஒரு பலிபீடமும்தான் மிச்சம்.

எங்கள் பேச்சைக் கேட்டுக் காவலாளி வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"தமிழா? நான் சிவகங்கைப் பக்கம். பொன்னுச்சாமி."

அதற்குள் சந்தியா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள்.

"தங்கச்சி, அதப் போட்டுக்கங்க."

"கோயில்தானேண்ணே?"

"செருப்பக் கழட்டுனா கோயில்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அத நாமளா ஒத்துக்கிட வேணாம்ல. நாலு வருசமா இங்க டூட்டி. இந்த பூட்ஸ நான் கழட்டுனதே இல்ல."

"முள்ளு கிடக்கா?" என்று கேட்டேன்.

"முள்ளுன்னா பிடுங்கி எறிஞ்சிரலாம் சார்" என்று சிரித்தார்.

சந்தியா சிரிக்கவில்லை. வெறுங்காலுடனேயே கைகூப்பி, பலிபீடத்தை மூன்று முறை சுற்றினாள். உதடுகள் அசைந்தன. திரும்பி வந்தவளிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டேன்.

"இந்தச் சாமிக்கு மொட்டை போடணுமா, பால்குடமா, எதுவும் தெரியல. அதான், இந்தப் பிள்ளையக் குடுத்துடு, பதிலுக்கு என்ன வேணுமோ நீயே எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

பொன்னுச்சாமியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் கடலைப் பார்த்தார். கம்பிவேலியில் காற்று மட்டும் உரசிக்கொண்டிருந்தது.

கால் கழுவத் தண்ணீர் கேட்ட சந்தியாவை அவர் தன் காவல் கூண்டுக்கு அழைத்துப் போனார். என் ஷூவுக்குள் மணல் புகுந்திருந்தது. பலிபீடத்து விளிம்பில் உட்கார்ந்து, ஒரு ஷூவையும் சாக்ஸையும் கழற்றி உதறினேன். வெறுங்கால் கல்லில் பட்டது. டிசம்பர் குளிரிலும் கல் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் ஏதோ அதிர்ந்தது. வேகமாக, சீராக, சின்னக் கால்கள் நிற்காமல் ஓடுவதுபோல.

திரும்பி வந்த பொன்னுச்சாமியிடம் கேட்டேன். "ஜெனரேட்டர் எந்தப் பக்கம்ணே ஓடுது?"

"இங்க ஜெனரேட்டரும் மாஃபி, கரண்டும் இல்ல சார்." பிறகு அவர் பார்வை என் காலில் நின்றது. "கழட்டிட்டீங்களா?"

"உள்ள மண்ணு போயிருச்சு. அதுக்குத்தான்."

"எதுக்கா இருந்தா என்ன" என்றார். "கலாஸ், முடிஞ்சிருச்சு. படகுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

மறுநாள் இருட்டாக்கிய ஸ்கேன் அறையில் சந்தியாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கருவியை மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தார். திரையைத் திருப்பப்போகிறார் என்று நினைத்தேன். திருப்பினார், எங்கள் பக்கமாக. ஒரு சின்ன வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தியதும் சத்தம் அறையை நிறைத்தது.

"ஏங்க, கேக்குதா?" சந்தியா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள்.

கேட்டது. அதே வேகம். நேற்று உள்ளங்காலில் கேட்டதை இன்று காதால் கேட்டேன். பதிலுக்கு அந்தச் சாமி என்ன எடுத்துக்கொள்ளும் என்று நான் யாரிடம் கேட்பது? "நல்லாக் கேக்குது" என்று மட்டும் சொன்னேன்.

நர்ஸ் விளக்கைப் போட்டாள். பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "சார், ஷூ எங்கே?"

குனிந்து பார்த்தேன். வெறுங்கால்கள். திறந்த கதவுக்கு வெளியே, வாசலோரம் என் ஷூக்கள் ஜோடியாக இருந்தன, சாக்ஸ்கள் உள்ளே மடித்து வைக்கப்பட்டு. எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை.

ஏசி உறைய வைத்தது. ஆனால் காலுக்கடியில் டைல்ஸ், நேற்றைய கல்லைப்போலவே, குளிரவில்லை.