தொண்ணூறு நாள் கதவு

எங்கள் சர்வரில் ஒரு சட்டத்தில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது. ஒரு வீட்டின் கதவு தொண்ணூறு நாள் திறக்கப்படாமல் கிடந்தால், வீடு தானாக இடிந்து, மனை புதிதாக வருகிறவருக்குப் போய்விடும். அதை எழுதிய புண்ணியவதி நான்தான். பெயர் ரியாமே. பகலில் பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் மருந்துக் கடை வேலை, மீதி நேரமெல்லாம் இந்த இணைய விளையாட்டுக்கு அட்மின், அதாவது நிர்வாகி. நாற்பது பேரோடு தொடங்கியது, இன்று இரண்டாயிரம் பேர். கட்டைமேல் கட்டை அடுக்கி அவர்கள் எழுப்பிய ஊரில் தேவாலயம், ஜீப்னி வண்டி நிறுத்தம், சேவல் சண்டைக் களம்கூட உண்டு.

சட்டம் வந்த கதை வெட்கக்கேடு. மூன்று வருஷம் முன்பு, ஆள் வராத வீடுகளை நானே பார்த்து இடித்துக்கொண்டிருந்தபோது, என் சித்தி மகனுடைய வீட்டை மட்டும் இடிக்காமல் விட்டேன். டெக்ஸ்டர் என்பவன் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"சொந்தக்காரனுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா அட்மின்?"

நூறு பேரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே எழுதினேன்: விதிவிலக்கு கிடையாது, அட்மின் கதவைத் திறந்தால் கணக்கில் சேராது.

அது கடைசியில் நோங் ஜெர்வின் தலையிலேயே விழும் என்று நான் நினைக்கவில்லை. நோங் என்றால் எங்கள் ஊரில் அண்ணன்; அவரும் நானும் சேர்ந்துதான் சர்வரைத் தொடங்கினோம். நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன், அவர் மனிதர்களைப் பார்த்துக்கொண்டார். புதிதாக ஒருவர் நுழைந்து திருதிருவென்று விழித்தால் போதும், ஓடிப்போய் ஒரு ரொட்டியைக் கையில் கொடுப்பார். "மொத ராத்திரி என் வீட்ல படுத்துக்கோ. வெளிய பேய் அடிச்சிடும்" என்பார். வேலையற்ற வேலை என்று நான் கேலி செய்வேன். பிறகு அவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. ஒன்பது மாத ஒப்பந்தம்.

"கப்பல்ல நெட்டு வீட்டுக்குப் பேசவே பத்தாது. என் வீட்டப் பாத்துக்க, இண்டாய்" என்றார், தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி.

"எப்படிப் பாக்கறது நோங்? சட்டம் இருக்கே."

"நீ எழுதுனதுதானே?"

"அதான் பிரச்சினையே."

சிரித்தார். "சரி விடு. வந்து ஒரு குடிசை போட்டுக்கறேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் கப்பல் ஏறிய எண்பதாம் நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு உதவியாக இருக்கும் கிளாரிசா நச்சரித்தாள். அக்கா என்பதற்கு அவள் சொல்வது நாங்.

"ஒரு தடவ கண்ண மூடிக்கங்க நாங். யாரு பாக்கப்போறா?"

"டெக்ஸ்டர் பாப்பான்."

"அவன் போய் மூணு வருஷமாச்சு!"

"எனக்குள்ள உக்காந்து பாக்கறான்டி."

தொண்ணூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, இடிய வேண்டிய வீடுகளின் பட்டியலைத் திறந்தேன். முப்பத்தொரு வீடு. இரண்டு முறை படித்தேன். நோங் ஜெர்வின் வீடு அதில் இல்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கிளாரிசாவைக் கூப்பிட்டேன்.

"சட்டத்துல ஓட்ட போட்டது நீதானே?"

"ஐயோ, சத்தியமா இல்ல நாங்! நான் ஒரே ஒரு நாள்தான் போனேன்."

"போனியா? அந்தக் கதவு உனக்கு எப்படித் திறந்துச்சு?"

"நான் வந்த மொத நாளே நோங் என் பேரக் கதவுல எழுதிட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. வீட்டுக்காரர் தன் கதவில் பிறர் பெயரை எழுதலாம், அவர்கள் திறந்தாலும் கணக்கில் சேரும். கணவன் மனைவிக்காக நான் வைத்த வசதி அது. நோங் கல்யாணம் ஆகாதவர், யார் பெயரை எழுதியிருக்கப் போகிறார் என்று நான் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். அறுநூற்றுப் பதினான்கு பெயர்கள். அவர் படுக்க இடம் கொடுத்த ஒவ்வொருவரும் இருந்தார்கள்.

பதிவேட்டைத் திறந்தேன். அவர் கப்பல் ஏறிய நாள் முதல் கதவு திறக்காத நாளே இல்லை. ஒரு நாள் ஒருவர், ஒரு நாள் பதினோரு பேர். ரியாத்தில் வீட்டு வேலை செய்கிற மார்ஜி, செவ்வாய் தவறாமல். யார் ஏற்பாடு செய்தது என்று பொது அரட்டையில் கேட்டேன். யாருமில்லை. "நான் மட்டுந்தான் போறேன்னு நெனச்சேன்" என்று ஒருவர் எழுத, பின்னாலேயே அதே பதில் வரிசையாக வந்து திரை நிறைந்தது. ஆறு வருஷமாக இந்த ஊரை நான்தான் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தொன்றாம் நாளில் ஒரு பெயர் இருந்தது. டெக்ஸ்டர். மூன்று வருஷத்தில் அந்த ஒரு முறைதான் வந்திருக்கிறான். நேராக அந்த வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் கிளம்பியிருக்கிறான்.

விளையாட்டுக்குள் நோங் வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். கதவுப் பட்டியலின் உச்சியில், எல்லோருக்கும் மேலே, என் பெயர். திறந்தேன். பெட்டி நிரம்பி, தரை நிரம்பி, படுக்கை வரைக்கும் ரொட்டி. வந்தவர்கள் ஆளுக்கொன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது: ரியாமே திறந்தார், கணக்கில் சேராது.

சேராவிட்டால் போகட்டும். என் ரொட்டியையும் வைத்துவிட்டு, விசைப்பலகையின் மேல் அழுதேன்.