தரையில் தட்டாத பந்து

பதின்மூன்று வயதில் பள்ளியிலேயே நான்தான் நெட்டச்சி. அது போதாதா? கோச் என்னைக் கொண்டுபோய் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நிறுத்தினார்.

“பந்து வந்தா தலைக்கு மேலயே புடிச்சுக்கோ. தரையில தட்டாத, குள்ளப் பொண்ணுங்க புடுங்கிடுவாங்க. திரும்பு, போடு. அவ்வளவுதான் உன் வேலை.”

அப்படியே செய்தேன். கோப்பைகள் வந்தன. மேடையில் மாலையோடு நின்றவர் கோச்.

அதற்கப்புறம் நான் வளரவில்லை. மற்றவர்கள் வளர்ந்தார்கள். இன்று கல்லூரி அணித் தேர்வுக்குப் போனால், என்னைவிட ஒரு தலை உயரமானவர்கள் வளையத்துக்குக் கீழே நிற்கிறார்கள். தேர்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன் உயரத்துக்கு வளையத்தை விட்டுத் தள்ளி நின்னுதான் ஆடணும்மா. பந்தைத் தட்டிக்கிட்டு ஓடி வா, பார்ப்போம்.”

ஓடினேன். பந்து என் காலிலேயே பட்டு, ஓரத்து பெஞ்சுக்கு அடியில் உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

“இதெல்லாம் சின்ன வயசுலயே கையில வந்திருக்கணும்மா” என்றார் அவர். குரலில் இரக்கம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உடை மாற்றும் அறையில் ஷூவைக் கழற்றும்போது அம்மா போன் செய்தாள். தேர்வு என்னவாயிற்று என்றுகூடக் கேட்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

“உன் தங்கச்சியையும் டீம்ல சேர்த்துட்டாங்கடி! உன்னோட அதே கோச்சுதான். அங்க இவதான் எல்லாரையும் விட உயரமாம்!”

தங்கை போனைப் பிடுங்கிக் கத்தினாள்.

“அக்கா, நான் பந்தைத் தரையில தட்டவே வேணாமாம்!”