ராணியின் வாய்ச் சர்க்கரை

நெமிலிச்சேரியில் ராணி சொல்லும் நல்ல வார்த்தை ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் பலித்துவிடும். நல்ல வார்த்தை சொன்னவர் வாயில் சர்க்கரை போடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அவள் தெருக்காரர்கள் அவசரக்காரர்கள். சொல்வதற்கு முன்னாலேயே ஒரு ஸ்பூன் போட்டுப் பழக்கிவிட்டார்கள். பட்டா, பெண் பார்ப்பது, இன்டர்வியூ, எதுவானாலும் "ஆ காட்டுக்கா" என்று வந்து நின்றார்கள். பத்தொன்பது வருஷம் இப்படிப் போனது. போடாமல் சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு ஸ்பூன்தானே.

அந்த ஸ்பூன்கள் அவள் கண்ணிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயின. முதலில் ஊசித் துளை போனது. பிறகு ஸ்டேஷன் பெயர்ப்பலகை. போன தை மாதம் புருஷன் ஏகாம்பரத்தின் மூக்கு மறைந்தது. மீசைக்கு மேலே எங்கோ இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆவடியில் கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து, "டீயில போடுறது, பிஸ்கட், ஜூஸ், ஊர்க்காரங்க ஊட்டுறது, எல்லாம் சர்க்கரைதான். நிறுத்துங்க" என்றார். டீயில் இரண்டு ஸ்பூன் ஒன்றாகி, அரையாகி, ஆறு வாரத்தில் இல்லாமலே போனது. முதலில் கஷாயம் மாதிரி இருந்தது. அப்புறம் டீ மாதிரியே இருந்தது. ஊட்டுகிறவர்களைத்தான் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் மகள் நிஷாவின் முகம் ஓரத்தில் கரைவதை ராணி பார்த்தாள். அடுத்த ஸ்பூனுக்கு அதுதான் போகும்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு லாவண்யாவுக்கு வலி வந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. காலை ஆறரைக்கு அவள் புருஷன் தமிழரசு ஆஸ்பத்திரியிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். கையில் சர்க்கரை டப்பா.

"புள்ள குறுக்கால கீதாம்க்கா. ரெண்டு உசுருக்கும் கேரண்டி இல்லன்றாங்க. ஆ காட்டு, ஒரே ஸ்பூன்."

ராணி வாயை இறுக மூடிக்கொண்டாள். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எல்லார் கையாலயும் துன்னுட்டு, இவன் வரசொல்லோ மட்டும் டயட்டாக்கா?" என்றாள் எதிர்வீட்டு பானுப்பிரியா.

"அவ கண்ணு போனா உன் கண்ண குடுப்பியாம்மா?" என்று ஏகாம்பரம் கத்தினார்.

தமிழரசு நீட்டிய ஸ்பூனிலிருந்து சர்க்கரை தரையில் சிந்திக்கொண்டிருந்தது. ராணி நிஷாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஸ்பூனைத் தள்ளிவிட்டு வெறும் வாயால் சொன்னாள்: "தாயும் புள்ளையும் நல்லபடியா ஊடு வந்து சேருவாங்க. போ நைனா."

டீ குடிக்கிற நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. பகல் பன்னிரண்டாகியும் போன் வரவில்லை. தமிழரசு விட்டுப்போன டப்பாவைப் பானுப்பிரியா திறந்து ராணி முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ராணியின் கை இரண்டு தடவை அதுவரை போய்த் திரும்பியது. மூன்றாவது தடவை நிஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுங்களா, அவ்வளவு நீளமான பகல் அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது. பெண் குழந்தை. தாயும் சுகம்.

சர்க்கரை இல்லாத சொல்லும் பலிக்கும், நிதானமாகத்தான் பலிக்கும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ராணியின் கண்ணிலிருந்து போனது திரும்பவில்லை, நிஷாவின் முகம் இருந்த இடத்திலேயே நின்றது. தெரு கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டது. சில சொல்லுக்கு மாதக்கணக்காகும் என்பதால், பங்குனியில் பத்தாவது பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இப்போதெல்லாம் ஆடியிலேயே வந்து வரிசையில் நிற்கிறார்கள்.